ஆயரின் ஈய முத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

மடுமாதா உங்களைக் காத்துக்கொள்ளட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். பிளாக்டவுனில் குளிர் தொடங்கிவிட்டது.

அருங்காட்சியகத்தில் இப்போது பழைய ஈய முத்திரைகளைத் துப்புரவாக்கத் தந்திருக்கிறார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன் கிரேக்க ஆயர்கள் தங்கள் கடிதங்களில் கட்டித் தொங்கவிட்டவை. அப்பா வலையில் கோர்க்கிற அதே ஈயம்தான். புதன்கிழமை ஒரு முத்திரையில் அழுக்குப் போனதும் மாதா தெரிந்தார், பாலனோடு. யோசிக்காமல் கையுறையைக் கழற்றி, எடுத்து உதட்டில் வைத்துக் கொஞ்சிவிட்டேன், நீங்கள் கழுத்துச் சங்கிலியில் கிடக்கிற சுரூபத்தைக் கொஞ்சுகிற மாதிரி. பயப்படாதீர்கள், பிறகு வாயை நன்றாகக் கழுவினேன்.

திரும்பினால் பொறுப்பாளர் எலெனி நிற்கிறார்.

"என்ன செய்தனீர்?"

"வெடிப்பு இருக்கோ எண்டு கிட்டப் பிடிச்சுப் பாத்தனான்."

அவர் என் உதட்டு ஈரத்தை முத்திரையிலிருந்து துணியால் ஒற்றி எடுத்தார். "என்ர அம்மாவும் மாதாவைக் கண்டால் இப்பிடித்தான் கொஞ்சுவா" என்றார். அவர் கிரேக்கப் பெண், அம்மா. அதற்குப் பிறகும் நான் ஓம், கொஞ்சினேன் என்று சொல்லவில்லை. குனிந்து தூரிகையைக் கழுவினேன். உங்களை ஆரென்று தெரியாது என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

அடுத்த மாதம் மன்னார் வருகிற எறிக் அங்கிளிடம் கொஞ்சம் மிளகாய்த்தூளும், குசினி ஆணியில் நான் விட்டுவந்த சுரூபமும் கொடுத்துவிடுங்கள். புதிதாக இன்னொரு சுரூபமும் வாங்கி அனுப்புங்கள். அது எலெனிக்கு. கையில் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

நான் வேலைக்கு ஏறவேண்டிய ரெயின் வந்துவிட்டது.

உங்கள்
அனோஜினி