குடையைக் கண்டால் அடங்கும் தெரு

ஜூலை 3, செவ்வாய்
கச்சான் காற்று. வாயெல்லாம் புழுதி. குடையில் ஒரு கம்பி முறிவு, திருத்த வேண்டும்.

காலையில் நகரசபைச் சேர்மன் கூப்பிட்டார். எங்கள் துறைமுகத் தெருவின் பழைய ஜெட்டியைத் திருத்துவதா, மூதூர் போகும் பயணிகள் லோஞ்சை வேறு கரைக்கு மாற்றுவதா என்று கொழும்பில் யோசிக்கிறார்களாம். இங்கிலீசுக்காரன் நேவி போன பிறகு அந்த வட்டாரத்தில் பிழைப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதலில் என் அறிக்கை. திங்கள் ஒரு துரை நேரில் வந்து பார்ப்பார். லோஞ்சு போனால் தெருவும் போகும்.

கட்டடங்களுக்கான சோலைவரி மதிப்புக்காக வருடா வருடம் நான் ஏறி இறங்கும் கடைகள். ஒரு நாள் போதும் என்றேன். என்னை விட்டால் யாருக்குத் தெரியும்?

ஜூலை 4, புதன்
காலை முழுக்க நடை. செருப்பு வார் அறுந்தது.
காதர் காக்கா கடை: பாதிக் கதவுப்பலகை போட்டபடி. தட்டுகள் வெறுமை. மாசிக் கருவாடு கண்ணால் கண்டு மூன்று மாதமாம்.
சலூன்: முடிவெட்டுபவர் கதிரையில் குறட்டை.
தையல்கார அந்தோனி: ஒரே மெசின். மற்றபடி சீலை விரித்த நாலு மேசை. ஒன்றில் எனக்குத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "நேவி போனதோட எல்லாம் போச்சு ஐயா" என்றார்.

திரும்பி வரும்போது மனம் சரியில்லை. பிறந்து வளர்ந்த தெரு. 'நலிந்த நிலை' என்று எழுத வேண்டிவருமோ?

மத்தியானம் சோற்றோடு மாசிச் சம்பல். மாசி எங்கே வாங்கியது? காதர் காக்காவிடமாம், இன்று காலை, எனக்குப் பின்னால் அரை மணித்தியாலம் கழித்து. மனுசி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"உங்கட குடை தெரு முனையில தெரிஞ்சால் தெருவே படுத்திடும். நீங்கள் அங்கால போனதும் எழும்பிடும். ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது."

சோலைவரிக்குப் பயந்து கொஞ்சம் ஒளிப்பார்கள் என்று தெரியும். முழுத் தெருவையுமா? கோபம். பிறகு சந்தோசம். பிழைப்பு இருக்கிறது!

ஜூலை 5, வியாழன்
காற்று அப்படியே. செருப்பு தைத்தாயிற்று.
காக்காவிடம் நேரே போய்ச் சொன்னேன். "இது வரிக்கில்லை காக்கா. வியாபாரம் நல்லா இருக்கெண்டு காட்டினால்தான் ஜெட்டி நிக்கும்."
"ஓம் ஐயா, நல்லா விளங்குது. ஆனா வியாபாரம் இல்லையே."

அந்தோனியும் அதே கதை. சலூனில் இன்றும் குறட்டை, ஆனால் தரையெல்லாம் புது மயிர். சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ண இன்னும் பயந்தார்கள். இத்தனை வருடம் மூக்கை நுழைத்த ஆளை ஒரு நாளில் நம்பச் சொன்னால்?

சேர்மன்: கண்ணால் காணாத வியாபாரத்தை எப்படி எழுதுவீர்? நியாயமான கேள்விதான். ஆனால் விடப்போவதில்லை.

ஜூலை 7, சனி
சல்லிக் கிராமத்திலிருந்து பாரை மீன் வந்தது. நல்ல துண்டு. கொண்டுவந்த சம்மாட்டி வலைக்கு நைலோன் நூல் வாங்கக் காக்கா கடைக்குப் போகிறாராம். எனக்கு நூலும் இல்லையென்றுதானே காக்கா சொன்னார்!

ஒரு யோசனை. மனுசிக்கும் பிடித்தது. பிடித்தால் பாத்திரத்தை மெதுவாக வைப்பாள்.

ஜூலை 9, திங்கள்
துரை வந்தார். கண்ணாடி, சப்பாத்து, தோல் பை. நல்ல மனிதர், தமிழ் கொஞ்சம் வரும். தோல் பையை எங்கள் வீட்டில் வைக்கச் சொன்னேன். சப்பாத்துக்குப் பதில் என் செருப்பு. மனுசி பனையோலை உமல் ஒன்றைக் கையில் கொடுத்து வாங்க வேண்டிய சாமான் சொன்னாள்: மாசி, கொத்தமல்லி, லாம்புச் சிமினி, நைலோன் நூல்.

நான் கூட வரவில்லையா என்று கேட்டார். நான் வந்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் படலைக்கும் நடை. துரை என்று மணந்து பிடித்தால் தெரு கதவைச் சாத்திவிடும், ஜெட்டி போய்விடும், பழி என் தலையில். மனுசி தேங்காய் துருவித் தரச் சொன்னாள். துருவினேன்.

வெயில் ஏறி வந்தார். சட்டை தெப்பம். சலூனில் முகம் வழித்துப் பளபளப்பு. உமல் வாய் மூட ஏலாமல். நாங்கள் சொல்லாத தொதல் இனிப்பும் உள்ளே. மூதூர்ச் சனம் கடைக்குள் நெரித்ததில் காலை மிதித்துவிட்டார்களாம். அந்தோனியிடம் காற்சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவருக்கு, இந்தக் கிழமை ஏலாது, கை நிறைய வேலை என்று பதில்.

"ஐந்து மெசின், ஐந்தும் ஓடுது," என்றார் துரை. "இந்த ஜெட்டி எடுக்க ஏலாது. எடுத்தால் பாவம்."

ஐந்தா? நான் பார்த்தது ஒன்று. மற்றது நாலு மேசை. மேசை!

மெசின் தலையை உள்ளே மடக்கிச் சீலை போட்டால் மேசைதான். எத்தனை கோப்பை வைத்திருப்பேன்.

ஜூலை 19, வியாழன்
காற்றுத் தணிவு. கொழும்பிலிருந்து சேர்மனுக்குச் செய்தி: ஜெட்டி இங்கேயே. திருத்த வேலை மாரிக்கு முன். மனுசியிடம் சொன்னேன். "அப்ப உங்கட புலம்பலில இருந்து நானும் பிழைச்சன்" என்றாள். நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

நானே போய்த் தெருவுக்குச் சொல்ல ஆசை. வெயிலுக்குக் குடை. முனை திரும்பியதும் படபடவென்று பலகைகள். இந்த முறை அந்தச் சத்தம் இனிமையாகத்தான் இருந்தது. சலூனில் குறட்டை.

காக்கா செய்தி கேட்டு அல்லாவுக்கு நன்றி சொன்னார், வியாபாரம் மட்டும் இல்லை என்றார். அந்தோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்தார். வாங்கிக் கையிலேயே வைத்துக் குடித்தேன்.

"மேசையில வையுங்கோவன் ஐயா."

"வேண்டாம் அந்தோனி. ஊத்துப்பட்டால் மெசின் துருப்பிடிக்கும்."