கோடையில் தண்ணீர் கேட்காத மரம்

மாரிபோஸா,
மே 9, 1988

என் கரடிக்கு,

நீ போன பிறகு மனம் விட்டுப் பேச ஆள் இல்லை. வாய் விட்டுப் பேசினால், அம்மா தனியாகப் புலம்புகிறாளே என்று ஜோலீன் பயப்படுகிறாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. நான் ஆறாவதோடு நின்றவள் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்?

நீ கேட்டபடியே உன் சாம்பலை ஓக் மரத்தடியில், அடிமரத்தை ஒட்டிப் புதைத்தோம். மழை இருந்தவரை அங்கே பச்சையாக இருந்தது. இப்போது காய்ந்து, சருகும் எறும்புமாகக் கிடக்கிறது. நாய்கூட அங்கே படுக்க யோசிக்கிறது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பசும்புல் வாங்கிவந்து பாய் விரித்த மாதிரி உன்மேல் பதித்துவிட்டேன். சாயங்காலமானால் குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறேன். அந்த நேரம் மட்டும் வீடு காலியாகத் தெரிவதில்லை.

கோடையில் அந்த மரத்துப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோனாலே நீ கத்துவாய். தெரியும். நான் மரத்துக்கு ஊற்றவில்லை, உனக்குத்தான் ஊற்றுகிறேன்.

உன் வெர்னா

மாரிபோஸா,
ஜூலை 24

கரடி,

ஜூலையிலேயே இலை மஞ்சளடித்துக் கொட்டுகிறது. வியாழக்கிழமை மத்தியானம் காற்றே இல்லை, தென்பக்கத்துப் பெரிய கிளை தானாக முறிந்து துணிக்கொடி மேல் விழுந்தது. பக்கத்துப் பண்ணை ஹோபார்ட் ரம்பத்தோடு ஓடிவந்தான். அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தான். பட்டையிலிருந்து கறுப்பாக நீர் வடிந்துகொண்டிருந்தது.

"உன் புருஷன் லைலோட காப்பியில சர்க்கரைய அள்ளி அள்ளிப் போடுவியே, இப்ப மரத்துக்கும் அதே உபசாரமா?" என்றான். "இது கோடையில காஞ்சு கெடந்தாத்தான் பொழைக்கும். நீ முழுக வச்சிருக்கே, வெர்னா."

"நான் புல்லுக்குத்தான் ஊத்துறேன்."

"வேர்கிட்ட அதைச் சொல்லிட்டியா?"

சேதி கேட்டு ஜோலீன் இன்றைக்கு வந்தாள். குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை.

"புல்லை எடுத்துரலாம்மா. அடிமரத்தைச் சுத்தி மண்ணையும் தோண்டிட்டு, வேரைக் காத்தாட விடணும். அப்பவும் பொழைக்குமோ என்னவோ."

"மண்ணையா? உங்கப்பா அதுலதாண்டி இருக்காரு!"

"அப்பா உயிரோட இருந்தா முதல் வெட்டு அவரோடதாத்தான் இருக்கும்."

போய்விடு என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் பீன்ஸ் இருந்தது, சாப்பிடு என்றுகூடச் சொல்லவில்லை. அவள் கார் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டேன். புதைத்த புருஷனை எந்தப் பெண்டாட்டியாவது தோண்டி எடுப்பாளா?

வெர்னா

மாரிபோஸா,
ஆகஸ்ட் 14

கரடி,

கோபித்துக்கொள்ளாதே, குழாயை மூடிவிட்டேன்.

மாடுகள் நிழலுக்கு வந்து வேரை மிதிக்கின்றன என்று நீ வேலியைத் தள்ளிப் போட்டாயே, பாதி மேய்ச்சல் போயிற்று என்று உன் அண்ணன் ஒரு வருஷம் உன்னோடு பேசவில்லை. கீழே விழுந்த சருகை என்னை வார விடமாட்டாய், அது மரத்தின் சாப்பாடு என்பாய். அப்போதெல்லாம் எனக்கு அந்த மரத்தின் மேல் பொறாமைதான். இன்று காலை அதன் அடியில் நின்றேன். அண்ணாந்தால் வானம்தான் தெரிந்தது, நிழலே இல்லை. இதைக் கொன்றுவிட்டு உன்னை வைத்துக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

ஜோலீனைக் கூப்பிட்டேன். வந்தாள், பழைய பேச்சை எடுக்கவில்லை. மண்வெட்டியை நான் அவளிடம் கொடுக்கவில்லை, நானே வெட்டினேன். கடைசியில் கையாலேயே அள்ளிக் கைவண்டியில் போட்டேன். சாம்பல் தனியாகத் தெரியும், பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. நான் ஊற்றிய தண்ணீரில் எல்லாம் ஒரே சேறாகியிருந்தது.

வேர் இப்போது வெயில் பார்க்கிறது. மார்ச்சில் துளிர்த்தால்தான் நிச்சயம் என்கிறான் ஹோபார்ட். அந்த மண்ணை வேலியோரம் தட்டிவிடுகிறேன் என்று கைவண்டியைப் பிடித்தான். தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். வண்டி சமையலறை வாசலில் நிற்கிறது, மேலே உன் மழைக்கோட்டைப் போர்த்தியிருக்கிறேன். ஆனாலும் எத்தனை நாள் அப்படியே நிற்கும்?

சொல், கரடி. உன்னை நான் எங்கே வைக்கட்டும்?