கல்லாப் பக்கத்து சார்ஜர்

21 ஜனவரி, புதன்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் என் கடையில் பதினெட்டு வருடமாக சிகரெட் விற்கிறேன். அடையாள அட்டையில் வயது பார்க்காமல் யாருக்கும் அந்த அலமாரியைத் திறந்ததில்லை. இன்று காலைகூட ஒரு தாடிக்காரன், "இருபத்து மூணு ஆச்சு லா, அங்கிள்" என்று கெஞ்சினான். அட்டை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

மதியம் மகள் நஸ்ரீனின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆசிரியையின் மேசையில் ஒரு ரோஸ் நிறக் குச்சி கிடந்தது.

"வேப், மின் சிகரெட். இவ பையில இருந்துச்சு. நீங்க இதைப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். டேப்லட்டில் எழுதுகிற பேனா என்று சொல்லிக் கடையில் கொடுப்பாள். நான்தான் கல்லாப் பக்கத்தில் சார்ஜ் போட்டு, துடைத்துக் கொடுப்பேன்.

"பார்த்ததே இல்ல, டீச்சர்" என்றேன். நஸ்ரீன் அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தானே பொய் சொன்னீங்க? ஸாரி, அத்தா."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அழுது அழுது இப்போதுதான் தூங்குகிறாள். யா அல்லாஹ், இந்த நாட்டில் தடை செய்த வேப் என் கடையில் சார்ஜ் ஆனது தெரிந்தால் சிகரெட் விற்கிற லைசென்ஸ் போய்விடுமே என்றுதான் பயந்தேன். பிள்ளையின் நினைப்பே அப்போது எனக்கு வரவில்லை.