விண்ணேற்றத்துக்கு மறுநாள்

மே 10, வெள்ளி

அன்பு மருமகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். மாப்பிள்ளை கப்பலேறிய அன்றைக்கே உன் அம்மாவிடம், "அக்கா, கொஞ்ச நாள்ல அவன்கிட்டேருந்து சத்தமே வராது. உன் பொண்ணு பல்செட் கடையைப் பூட்டிட்டு மொட்டை மாடியில நின்னு கடலையே பாப்பா, எழுதி வெச்சுக்கோ" என்றேன். அக்கா முறைத்தாள். இப்போது? பத்தொன்பது நாளாகத் தகவல் இல்லை, கடைக்குப் பூட்டு, நீ மாடியில். அவன் கூப்பிடும்போது லைன் காலியாக இருக்க வேண்டும், யாரும் போன் பண்ணாதீர்கள் என்று நீ உத்தரவு போட்டுவிட்டாய். அதனால் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேனாவைத் தூக்க வேண்டியதாயிற்று.

நேற்று விண்ணேற்றத் திருநாள் பூசைக்கு நீ வரவில்லை. நான் முதல் வரிசை. சாமியார் பிரசங்கத்தில் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டாமா? ஆண்டவர் மேலே போய்விட்டார், மேகம் மறைத்துவிட்டது. சீடர்கள் பதினோரு பேரும் கழுத்து நோக மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் வந்து, ஏனப்பா இங்கேயே நிற்கிறீர்கள், போனவர் திரும்பி வருவார் என்கிறார்கள். எல்லாரும் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் போனார்கள். "அவங்க இறங்கினாங்க பாருங்க, அங்கேதான் நமக்குத் திருநாள் ஆரம்பம்" என்றார் சாமியார். அந்தக் கருத்தை ஈஸ்டர் அன்றைக்கே அவருக்குச் சொன்னவன் நான். அது கிடக்கட்டும்.

இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். கீழே காத்திருக்கிறவன் கதவுக்கு மேலே எரிகிற நம்பரையே முறைப்பான். முறைத்ததால் எந்த லிஃப்டும் சீக்கிரம் இறங்கியதில்லை.

இனி முக்கியமான சேதி. பூசை முடிந்து நேரே கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். என் நேரத்தைப் பார், அங்கே லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரிய ஆபீசர். ஒரே ஒரு ஸ்குரூ டிரைவர், ஏழே நிமிஷம். வெளியே வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னார்: "ஐயா, கப்பல்ல ரேடியோதான் போச்சு. ஆளுங்க அத்தனை பேரும் சுகம். வெளியே சொல்லிடாதீங்க."

போதுமா? இறங்கி வா. கடையைத் திற.

உன் லிஃப்ட் மாமா


மே 14, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாடியில் நின்றுதான் படித்தேன். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தேன். பிறகு இறங்கினேன்.

கடையைத் திறந்த அரை மணியில் எட்டுப் பேர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் பொக்கை வாயோடு, "ஏம்மா, என் பல்லை வெச்சுக்கிட்டு எங்கே போனே? ரெண்டு வாரமா எல்லாத்தையும் கரைச்சுக் குடிக்கிறேன். இவ திட்டினா திருப்பித் திட்டக்கூட முடியல" என்றார். அவர் மனைவி, "நிதானமாவே செய்யும்மா, அவசரமில்லே" என்றார். நேற்று மாட்டிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்தார், உடனே திரும்பி மனைவியைத் திட்டினார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கை பல் பதிக்கிற மெழுகில் இருக்கிறது, காது மட்டும் போனில். இன்று ஒரு கோரைப்பல்லை இடம் மாற்றிப் பதித்துவிட்டு, மறுபடி உருக்கினேன்.

ஒன்று கேட்கிறேன் மாமா. அந்த ஆபீசுக்கு நானே நாலு தடவை போயிருக்கிறேன். நாலு தடவையும் "தகவல் வந்தா சொல்றோம்" என்றுதான் பதில். அது ஒரே மாடி வைத்த கட்டடம். அங்கே லிஃப்டே இல்லை. நீங்கள் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் ஒரு லிஃப்டை வைத்துவிடுவீர்கள். என் கல்யாணம் நடந்த கோயிலிலும் லிஃப்ட் இருந்ததாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் லிஃப்டைக் கழித்துவிட்டால் மீதி ஏதாவது உண்டா? "சுகம்" என்று யாராவது, படிக்கட்டில் வைத்தாவது, சொன்னார்களா? அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன். உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். ஜோடனை வேண்டாம்.

உங்கள் மருமகள்


மே 18, சனி

மருமகளே,

மூன்று தாள் கிழித்தாயிற்று. மூன்றிலும் எப்படியோ லிஃப்ட் வந்துவிட்டது. இதையாவது நாளைக்குப் பூசையில் உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

விண்ணேற்றத்தன்று அந்த ஆபீசுக்குப் போனது சத்தியம். வாசல் வரைக்கும். காவலாளி வந்து, "யாரைய்யா பாக்கணும்? ஒரு மணி நேரமா அந்த ஜன்னலையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், பாவி. பதினெட்டு மாடிக் குழிக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கியவன் நான். சரி, பன்னிரண்டு. ஒரு மாடி ஏற முடியவில்லை.

மேலே ஒருத்தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால், உன்னிடம் எந்த முகத்தோடு வருவேன்? "கப்பல்காரன், உன் பொண்ணை ராணி மாதிரி வெச்சிருப்பான்" என்று அக்காவிடம் பேசி முடித்தவன் நான்தானே.

நாளை பெந்தகோஸ்து, தூய ஆவி இறங்கி வந்த திருநாள். மலையிறங்கியவர்கள் பத்து நாள் ஒரே அறையில் சேர்ந்து காத்திருந்தார்கள். பயமில்லாமலா இருந்திருப்பார்கள்? சாமியார் இதைச் சொல்லவில்லை. நானும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திற. யாருடைய பல் பாக்கியோ முடித்துக் கொடு. பத்து மணிக்கு நான் வருகிறேன், சேர்ந்து அந்தப் படியை ஏறுவோம். நீ முன்னால் போ. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. ஆபீசர் என்று யாரும் கிடையாது. சுகம் என்ற வார்த்தையை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதை நானேதான் எழுதினேன்.

உன் மாமா