என் தொடைக்கு ஒன்றும் இல்லை

2006 ஜூன் 12, திங்கள்

காலை பத்து மணிக்கே டெக்சஸ் வெயில் சுடுகிறது. இன்று ஆட்டம் இல்லை. ஃபிரிஸ்கோ வீட்டு பால்கனியில் உட்கார்ந்து பேஸ்பால் கிளவுஸ்களுக்கு எண்ணெய் போட்டேன். இன்ஃபீல்டுக்கு ஒன்று, அவுட்ஃபீல்டுக்குப் பெரியது ஒன்று, முதல் பேஸுக்கு, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தும் கேட்சருக்கு. கேட்சர் கிளவுஸில் தையல் விடுகிறது. இன்னும் தாங்கும்.

கீழ்வீட்டு ஆன்ட்டி அங்கிளிடம்: "மேல இருக்கிற தம்பி ஸ்போர்ட்ஸ் கடை வச்சிருக்கா?" மேலே கேட்கும் என்று அவருக்குத் தெரியாது போல.

பேஸ்பாலில் என் வேலையை யாருக்கும் விளக்க முடிவதில்லை. எந்த இடத்தில் ஆள் இல்லையோ, அங்கே நிற்பவன். பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே. வயது இருபத்தொன்பது.

ஜூன் 14, புதன்

டீம் இருக்கும் ஊருக்கு ஒன்றரை மணி நேர டிரைவ். வழியில் டிராஃபிக். போனதும் மேனேஜர் வேட் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ரஹீம், உன் தொடை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பின்பக்கம்? பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கா?"

"இல்லையே."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

அப்போதுதான் புரிந்தது. கீழ்மட்ட டீமிலிருந்து ஒரு பையன் மேலே வருகிறான். பெரிய விலைக்கு எடுக்கப்பட்டவன். அவனுக்கு இடம் வேண்டும். எனக்குக் காயம் என்று சொன்னால் என் இடம் அவனுக்கு, என்னை டீமை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. சம்பளம் வரும், டக்அவுட் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கலாம். பலரும் செய்வதுதான்.

"வலிக்குதுன்னு சொன்னா போதும்."

"வலிக்கலையே, வேட்."

வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

இன்று இரண்டாம் பேஸில் நின்றேன். ஒரு பந்தைக்கூட விடவில்லை. எரிச்சலில் நன்றாக ஆடுகிறேன்.

ஜூன் 15, வியாழன்

காலையில் மனைவி நஸ்ரீனிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.

"ரெஸ்ட் எடுத்தா என்ன? சம்பளம்தான் வருதே."

"இருபத்தொன்பது வயசு, தொடையில காயம்னு பேப்பர்ல வந்துட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்? எங்க வேணா நிப்பான், காயம் படமாட்டான். என்கிட்ட இருக்கிறது அது ரெண்டும்தான்."

"முடியாதுன்னு சொன்னா அனுப்பிடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்போ என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? சாப்பிடுங்க, ஆறுது."

கோபமா, சம்மதமா, தெரியவில்லை. போகும்போது கார் சாவியை மறந்து திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்று, "பொய் சொல்லிட்டு உட்கார்ந்தீங்கன்னா வீட்டுல உங்களோட இருக்க முடியாது. எனக்குத் தெரியும்" என்றாள். போய்விட்டாள்.

சம்மதம்தான்.

ஜூன் 16, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடித்து நேராக மைதானம். வேட் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என் தொடைக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.

தலையாட்டினார். ஆட்டப் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸில் பந்து எகிறி எங்கள் கேட்சரின் கட்டைவிரலில் பட்டது. மாற்று கேட்சரை ஏற்கெனவே பேட்டிங்குக்கு இறக்கி வெளியே எடுத்தாகிவிட்டது, திரும்ப இறக்க விதியில்லை. வேட் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். நான் கால் கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

மூன்று இன்னிங்ஸ் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடித்தேன். தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று வாங்கினேன். ஒன்றையும் பின்னால் விடவில்லை.

எட்டாவதில் என் பேட்டிங். இடது பக்கம் மெதுவாக ஒரு அடி, முதல் பேஸ் சேர்ந்தேன். வேட் நில் என்று சைகை காட்டினார். பார்த்தேன். அடுத்த பந்து வீசும்போதே ஓடினேன். இரண்டாம் பேஸில் சறுக்கி விழுந்தபோது பந்து இன்னும் வந்து சேரவில்லை. எழுந்து பேண்டில் மண்ணைத் தட்டினேன். தொடையின் பின்பக்கத்தை மட்டும் இரண்டு தட்டு கூடுதலாக.

கிளப் ஆபீஸ்காரர்கள் மேலே கண்ணாடி அறையில் இருந்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 17, சனி

அனுப்பிவிட்டார்கள்.

வேட் கேட்டார்: "நேத்து நில்லுன்னுதானே காட்டினேன்?"

"ஆமா."

"யாராவது போன் பண்ணிக் கேட்டா, இவன் உடம்புல காயமே இல்லைன்னு சொல்றேன். அதுதான் என்னால முடியும்."

கை குலுக்கினேன். அவர் மேல் கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன்.

ஃப்ரீவேயில் ஏசி வேலை செய்யவில்லை. ஜன்னலை இறக்கி ஓட்டினேன்.

ஜூன் 18, ஞாயிறு

போன்கள். கலிஃபோர்னியா ஃப்ரீமாண்டிலிருந்து காலேஜ் நண்பன் செந்தில்: "மச்சான், எங்க கம்பெனில டெஸ்டிங் வேலை இருக்கு, மூணு மாசத்துல கத்துக்கலாம். பே ஏரியா வந்துடு." வேண்டாம் என்றேன்.

நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரிலிருந்து வாப்பா. அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஆட்டம் சாயங்காலம், கடையும் சாயங்காலம். என் ஆட்டம் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

"சும்மா சம்பளம் தர்றேன்னு சொன்னவங்ககிட்டயா சண்டை போட்டே?"

"சண்டை போடல வாப்பா. வலிக்கலைன்னு சொன்னேன்."

"கடைக்கு வந்துடு. உனக்கும் வயசாகுது."

"இன்னும் ஓடுறேன் வாப்பா. ஓட முடியாதப்போ நானே சொல்றேன். வேற யாரும் சொல்ல வேணாம்."

வைத்துவிட்டார். உம்மா திரும்பக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 20, செவ்வாய்

ஒரு போனும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் தனியாக ஓடினேன். துணி துவைத்தேன். பால், முட்டை, கொத்தமல்லி.

ஜூன் 21, புதன்

நியூ ஜெர்சியில் ஒரு டீம். பெரிய லீக் கிளப் எதற்கும் கீழே வராத டீம். சம்பளம் பாதி. மூன்றாம் பேஸ்காரனுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டதாம். வேட்டிடம் விசாரித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எப்ப வர முடியும்?"

"நாளைக்கே கிளம்புறேன்."

வீட்டு வாடகை ஒப்பந்தம் முடியும்வரை நஸ்ரீன் இங்கேயே. வழிக்குப் புளிசாதம் கட்டினாள்.

ஜூன் 25, ஞாயிறு

பிரிட்ஜ்வாட்டர். மழை விட்டுவிட்டது. நேற்று முதல் ஆட்டம். மூன்றாம் பேஸ் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள், நாலாவது இன்னிங்ஸில் லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பினார்கள், கடைசியில் இரண்டாம் பேஸ். இரண்டு ஹிட். மூன்று இடத்திலும் ஒரு பிழை இல்லை. பழைய டீம் என்னை வெளியே அனுப்பிய அதே மாதத்தில்.

வாப்பா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருந்தார். எனக்குத் தெரியாது. இன்று காலை டீ குடிக்கும்போதுதான் சொன்னார்.

"மூணாவது பேஸ்னு உங்க உம்மா சொன்னா. அதுக்கு எதுத்தாப்புல உட்கார்ந்தேன். திடீர்னு ஆளைக் காணோம். எங்கடா போனே?"

"லெஃப்ட் ஃபீல்ட். அப்புறம் ரெண்டாவது பேஸ்."

"நாளைக்கு எங்க நிப்பே? அந்தப் பக்கமா டிக்கெட் வாங்குறேன்."

"தெரியாது வாப்பா. நடுவுல வாங்குங்க."