பல்பு அணைந்த பிறகுதான் கை வைத்தாய்

என் உயிர் மச்சானே,

நீ பாதியில் விட்டுப்போன வெல்டிங் மிஷினை இன்று காலை திறந்துவிட்டேன். நாலு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. நம் தாம்பரம் ரிப்பேர் கடையில் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். தார்ப்பாயை விலக்கக் கை வரவில்லை.

மிஷினுக்குச் சொந்தக்காரர், முடிச்சூரில் கேட் செய்கிறவர், வந்து நின்றார். "அண்ணா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா வாடகை மிஷின வச்சிக்கினு எவ்ளோ நாள்தான் ஓட்டறது?" என்றார். அவர்மேல் தப்பில்லை. பாவம், இத்தனை நாள் பொறுத்ததே பெரிசு.

உனக்கு வந்தது மாரடைப்புதான் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நம் தெருவில் யார் கேட்டார்கள்? "மிஷின தொறந்து வச்சிக்கினு போன் பேசினா கரண்ட் அடிக்காம இன்னா பண்ணும்?" என்று துக்கத்துக்கு வந்த இடத்திலேயே ஒருத்தர் பேசினார். அது என் தங்கை செல்வி காதில் விழுந்துவிட்டது.

அந்தப் போனைப் போட்டவள் உன் செல்விதானே. என்ன மீன் வாங்கட்டும் என்று கேட்டாள், "சங்கரா வாங்கு" என்றாயாம். அதுதான் உன் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து வீட்டில் மீனும் இல்லை, அவள் கடைக்குப் போன் போடுவதும் இல்லை. எதுவானாலும் நடந்து வந்துதான் சொல்வாள். "நான் கூப்பிடாம இருந்திருந்தா அவரு கவனமா இருந்திருப்பாருண்ணா" என்று எத்தனை தடவை அழுதிருப்பாள்! "போடி பைத்தியம்" என்று அதட்டுவேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அன்று பொத்தேரிக்கு ஒரு மிஷினைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். மிஷினை ஏறெடுத்தும் பார்க்காமல் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். ஊர் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

இன்று விலக்கினேன். முதலில் கண்ணில் பட்டது பிளக். மிஷினின் கைப்பிடியோடு சேர்த்துப் பச்சை ஒயரால் இரண்டு முடிச்சு. திறந்து கிடக்கும்போது யாரும் தெரியாமல் சொருகிவிடக் கூடாதென்று எப்போதும் கட்டுவாயே, அதே கட்டு.

அடுத்து உன் நூறு வாட் குண்டு பல்பு. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும், ஆளையே அடித்துப் போட்டுவிடும். அதை வடிக்கத்தான் அந்தப் பல்பு. அதன் இரண்டு கிளிப்பும் கெப்பாசிட்டரைக் கவ்வியபடியே இருந்தன. "பல்பு அழுது ஓயட்டும்டா, மீட்டர் ஜீரோ காட்டட்டும், அப்புறம் கைய வை" என்று எத்தனை கத்து கத்தியிருப்பாய்! வேலை முடிகிறவரை கிளிப்பைக் கழற்றவும் மாட்டாய். எனக்கு அது ஒரே பேஜாராக இருக்கும். இன்று அதைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டேன்.

எதையும் தொடாமல் செல்வியை வரவழைத்துக் காட்டினேன்.

"இதுல எங்கண்ணா கரண்ட்டு?"

"இல்லம்மா, துளிகூட இல்ல. இதெல்லாம் பண்ணாம அவன் உள்ள கையே வைக்க மாட்டான்."

"அப்போ நான் போன் பண்ணது?"

"மீனுக்குப் பண்ண. அவ்ளோதான்."

அந்தப் பச்சை முடிச்சைத் தடவிக்கொண்டே உன் ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் எரிந்துபோன டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். முதல் கரண்ட்டை நேராகக் கொடுக்காமல் உன் பல்பு வழியாகவே விட்டேன். பளிச்சென்று எரிந்து மங்கியது. ஷார்ட் இருந்தால் பல்பு மங்கவே மங்காது. உள்ளே ஷார்ட் இல்லை மச்சான், நீ தொட்ட வேலை முடிந்தது.

அவள் வீட்டுக்குப் போய் அரை மணி இருக்கும். அடுத்த மிஷினைத் திறந்து வைத்திருந்தேன். போன் அடித்தது. செல்வி.

"அண்ணா, கைல வேலையா?"

"பல்பு மாட்டியிருக்கேன். நீ சொல்லு."

"சங்கரா வாங்கட்டா?" என்றாள்.

இனி நானும் பிளக்கைக் கட்டாமல் எந்த மிஷினையும் திறக்க மாட்டேன், பல்பு ஓயாமல் கை வைக்க மாட்டேன். அவள் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பயமில்லாமல் பேசட்டும்.

உன் செல்வியின் அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்