சிகாகோவில் நீ எழுதாமல் விட்ட சாப்பாட்டுக் கடை

ரங்கூன்,
1926 பிப்ரவரி 12

அன்பு மகள் ஜூடித்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் ஓரளவு சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் இருமலில்லாமல் இருப்பாய் என்று நம்பியிருக்கிறோம். இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் கோபம் யார்மேல் என்று நாலு நாளாக எனக்கே பிடிபடவில்லை.

நம் சபை அகஸ்டின் ஐயா மாநாட்டுக்காக சிகாகோ வருகிறார், வைத்தியம் படிக்கிற நீதான் அவருக்கு ஊரைக் காட்டி நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் படித்துப் படித்து எழுதினேன். தம் மகனுக்கு உன்னைக் கேட்கிற எண்ணம் அவருக்கு இருந்ததையும் அம்மா சொல்லாமல் சொல்லியிருந்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றியதைப் பற்றி நீயும் ஆறு பக்கம் எழுதினாய். கடல்போல் கிடக்கிற ஏரி, அதற்குள் நீளமாய்ப் போகிற துறைமேடை, வாசலில் சிங்கச் சிலை வைத்த சித்திரசாலை, மிருகக்காட்சிசாலை, தட்டை நாமே ஏந்தி வரிசையில் போய் வேண்டியதை எடுத்துக்கொள்கிற சாப்பாட்டுக் கடை, சீனர் தெருவில் நம் ஊர் லத்தா வட்டாரத்தில் கிடைக்கிற மாதிரியே மாவு இழைக் கௌஸ்வே என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாய். அம்மா அதை எதிர்வீட்டு ஜைனப்புக்கு மூன்று தரம் படித்துக் காட்டிவிட்டாள், பாவம் அந்தம்மாள்.

போன மாதம் ஐயா திரும்பி வந்தார், நம் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நாலு பேர் நடுவில், உங்கள் மகள் சாப்பாட்டுக் கடையில் சண்டை போட்டு என் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சண்டை, எதற்குச் சண்டை என்று தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார். ஒரு நாள் மத்தியானம், ஏரிக்கரைச் சாலையில் வெள்ளைத் துணி விரித்த பெரிய கடையாம், நீங்கள் உட்கார்ந்ததும் மேற்பார்க்கிறவன் வந்து மேசையெல்லாம் வேறு ஆட்களுக்குச் சொல்லிவைத்தாயிற்று என்று எழுந்திருக்கச் சொன்னானாம், பாதி மேசை காலியாய்க் கிடந்ததாம். ஐயா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாராம், நீ எழுந்திருக்கவில்லையாம். எங்கள் நிறம்தான் காரணமென்றால் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் என்று கேட்டாயாம், அவன் சொல்லவுமில்லை போகவுமில்லையாம், கால் மணி நேரம். ஐயா வாசலுக்கு வெளியே போய் நின்றாராம், நீ வந்ததும் நேரே விடுதிக்குப் போய் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தாராம்.

இதைச் சொல்லி முடித்து, "இப்படி வாயாடுற பொண்ணு எங்க வீட்டுக்குச் சரிப்படாதுங்க" என்றார். மன்னிப்புக் கேட்கப் போனது எனக்கு மறந்தேபோயிற்று. "அவளைத் தனியா விட்டுட்டு வாசல்ல போய் நின்னீங்களே ஐயா, அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கும் மனசு வரலைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தேன் என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உன் ஆறு பக்கத்தையும் எடுத்து, அந்தக் கடை எங்கேயாவது இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

உன்மேல் கோபம் இதுதான். பத்து இடம் எழுதத் தெரிந்த உனக்கு இந்த ஒன்றை எழுதக் கை வரவில்லையா? நாங்கள் பயப்படுவோம் என்று நினைத்திருப்பாய். நானும் அச்சாபீசில் துரை என்னை நிற்கவைத்துப் பேசியதையெல்லாம் வீட்டில் சொன்னவனில்லை, அதனால் உன்னை முழுதாய்த் திட்டவும் வாய் வரமாட்டேன் என்கிறது. திரும்பி வா என்று எழுதமாட்டேன், படிப்பை முடி. அந்த மாதிரி இடத்துக்குத் தனியாகப் போகாதே. ஏரிக் காற்றில் காதை மூடிக்கொள். செப்டம்பரில் இங்கிருந்து இரண்டு பெண்கள் அங்கே படிக்க வருகிறார்கள், அவர்களுக்கு எழுதும்போது உட்காரவிடாத கடைகளையும் சேர்த்து எழுது.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. அம்மா ஒன்று கேட்கச் சொல்கிறாள், மறக்காமல் பதில் போடு. ஐயா பிஸ்கட் தின்றது தெரிந்துவிட்டது, அன்று மத்தியானம் நீ என்ன சாப்பிட்டாய்?

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானசுந்தரம்